பதிவின் சாவி நம் கையில்: வீட்டுக் கணினியில் பாதுகாப்புக் கேமரா மென்பொருள்

வங்கியின் பெட்டக அறைக்குச் செல்லும் வாடிக்கையாளர்கள் இரண்டு சாவிகளை அறிவார்கள். ஒன்று வங்கியிடம் இருக்கும். மற்றொன்று வாடிக்கையாளரிடம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும். அவ்வறையின் வாயிலில் ஒரு கண்காணிப்புக் கேமராவும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் வெளியிட்டு, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த பெட்டக விதிகளின்படி, அக்கேமராவின் பதிவுகளை வங்கி குறைந்தது 180 நாள்கள் பாதுகாத்து வைக்க வேண்டும். தமக்குத் தெரியாமல் பெட்டகம் திறக்கப்பட்டது என்று ஒருவர் புகார் அளித்தால், காவல்துறையின் விசாரணை முடிந்து பிணக்குத் தீரும் வரை அப்பதிவை அழிக்கக் கூடாது.

இவ்விதி இரண்டு வினாக்களுக்கு விடை தருகிறது. பதிவு எத்தனை நாள் இருக்க வேண்டும்? அது யார் பொறுப்பில் இருக்க வேண்டும்? வங்கியில் எழும் இவ்விரு வினாக்களும் நம் வீட்டு வாசலில் கேமரா பொருத்தும்போதும் எழுகின்றன. ஆனால் நம்மில் பலர் கேமராவின் விலையையும் படத்தின் தெளிவையும் மட்டும் கேட்டு வாங்கிவிடுகிறோம். காட்சிகள் எங்கோ ஒரு நிறுவனத்தின் சேமிப்பகத்திற்குச் செல்கின்றன. மாதக் கட்டணம் நின்றால் பதிவும் நின்றுவிடுகிறது. வீட்டில் உள்ள கணினியிலேயே பதிவைச் சேமித்து, அதன் சாவியை நம் கையில் வைத்துக்கொள்ளும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது?

2008 நவம்பர் 26 தாக்குதலுக்குப் பின் மும்பை மாநகரில் காவல்துறைக்கான கேமரா வலையமைப்பு ஒன்று உருவாயிற்று. 2016இல் அது நடைமுறைக்கு வந்தபோது 4,700க்கும் மேற்பட்ட கேமராக்கள் அதில் இருந்தன. அவை சாலைகளையும் சந்திப்புகளையும் பார்க்கின்றன. நம் படிக்கட்டையும் நம் கதவையும் பார்க்கும் பொறுப்பு நம்முடையதாகவே இருக்கிறது.

இந்நகரில் வீடுகள் ஒரே வகையாக இல்லை. செம்பூரில் ஒரு சொசைட்டியின் மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு, முதிய பெற்றோர் தனியே இருக்கும் பகல் நேரத்தில் கதவைத் தட்டுபவர் யார் என்று தெரிந்தால் போதும். மாட்டுங்காவின் பழைய கட்டடத்தில் இருப்பவருக்குப் பொதுப் படிக்கட்டே கவலை. தாராவியில் கீழே பட்டறையும் மேலே குடியிருப்புமாக வாழ்பவருக்குத் தையல் இயந்திரமும் தோல் கட்டுகளும் இருக்கும் தளமே முதல். ஆகவே கேமரா வாங்குவதற்கு முன், எந்த இடத்தில் எது நடந்தால் நமக்கு இழப்பு என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான வீடுகளுக்கு ஒன்று அல்லது இரண்டு கேமராக்கள் போதும்.

பார்க்கக் கூடாத இடங்களையும் அதே தாளில் எழுத வேண்டும். தாராவியின் சந்துகளில் இரு வாசல்களுக்கு இடையே நான்கு அடிகூட இராத இடங்கள் உண்டு. அங்கே பெண்கள் வாசலிலேயே துணி துவைப்பதும் பாத்திரம் தேய்ப்பதும் அன்றாட வழக்கம். நம் கதவைக் காட்டும் கேமரா எதிர்வீட்டின் உட்புறத்தையும் காட்டிவிடக் கூடும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. சகோதரர்கள் சேர்ந்து வாழ்ந்த ஒரு வீட்டின் குடியிருப்புப் பகுதியில், உடன் வசிப்பவரின் இசைவின்றிக் கேமரா இயக்கக் கூடாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் கூறியது. அத்தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை. எனவே வீட்டாரிடம் சொல்லி, அண்டை வீட்டாரிடம் காட்சியைக் காட்டி, சொசைட்டியாயின் பொது இடத்திற்கு எழுத்து மூலம் அனுமதி பெற்றே பொருத்துவது முறை. இது சட்டத்துக்காக மட்டும் அன்று. நாம் ஊரில் இல்லாத நாளில் நம் கதவைப் பார்த்துக்கொள்பவரும் அதே அண்டை வீட்டாரே.

வங்கி வாடிக்கையாளர் என்ற முறையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நாம் அமர்ந்து கைப்பேசியில் ரகசிய எண்ணை அழுத்தும் மேசை, கடையில் வாடிக்கையாளர் அட்டையைப் பயன்படுத்தும் இடம், பணப்பெட்டியின் எண் பூட்டு ஆகியவை கேமராவின் பார்வைக்குள் வரக் கூடாது.

கேமராவைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாக் கேமராக்களும் வீட்டுக் கணினியோடு பேசுவதில்லை. சில வகைகள் தம் நிறுவனத்தின் செயலியோடு மட்டுமே இயங்கும். வாங்குவதற்கு முன் பெட்டியின்மீது ஆன்விஃப் அல்லது ஆர்.டி.எஸ்.பி. என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆன்விஃப் என்பது வெவ்வேறு நிறுவனங்களின் கேமராக்களும் மென்பொருள்களும் ஒன்றையொன்று புரிந்துகொள்வதற்கான பொது நெறி. ஆக்சிஸ், பாஷ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து 2008இல் தொடங்கியது. ஆர்.டி.எஸ்.பி. என்பது காட்சியை வலையமைப்பின் வழியே கணினிக்கு அனுப்பும் முறை. இவ்விரண்டில் ஒன்றேனும் இல்லாத கேமரா நம் பணிக்கு உதவாது.

அடுத்து, அதன் பாதுகாப்புச் சான்று. மத்திய மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் 2024 ஏப்ரல் 9 அன்று வெளியிட்ட அறிவிக்கை, கண்காணிப்புக் கேமராக்களின் வன்பொருளையும் உள்ளே இயங்கும் மென்பொருளையும் சோதித்துச் சான்று பெறுவதைக் கட்டாயமாக்கியது. நீட்டிக்கப்பட்ட கால அவகாசம் 2025 ஏப்ரலில் முடிந்தது. லேமிங்டன் சாலைக் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகப் பெயரில்லாப் பொருளை வாங்காமல், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும் பதிவு எண்ணும் உள்ளதை ரசீதோடு வாங்குவது நலம்.

கணினியும் மென்பொருளும்

இரண்டு கேமராக்களுக்குப் புதிய கணினி தேவையில்லை. 8 ஜிகாபைட் நினைவகம் உள்ள, நான்கைந்து ஆண்டு பழைய மேசைக் கணினி போதும். ஆனால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினி விண்டோஸ் 11ஐ ஏற்கவில்லையாயின், இலவசமான லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவிக்கொள்ளலாம். எவ்வாறாயினும், இணையவழி வங்கிப் பணிகளைச் செய்யும் கணினியையே கேமராவுக்கும் பயன்படுத்தக் கூடாது. இரவும் பகலும் இயங்கும் கணினி வேறு, பணம் அனுப்பும் கணினி வேறு என்று இருக்கட்டும்.

மென்பொருள்களில் விண்டோஸுக்கு ஏஜென்ட் டிவிஆர், பிளூ ஐரிஸ் ஆகியவை பலரும் பயன்படுத்துபவை. முன்னது வீட்டுக்குள் சொந்தப் பயன்பாட்டிற்கு இலவசம். வெளியிலிருந்து பார்க்கும் வசதிக்குக் கட்டணம் உண்டு. பின்னதை விலை கொடுத்து வாங்க வேண்டும். லினக்ஸில் ஜோன்மைண்டர், ஃபிரிகேட் ஆகியவை இலவசமாகவும் மூல நிரல் வெளிப்படையாகவும் கிடைக்கின்றன. கணினிப் பழக்கம் குறைந்தவர்கள் முதலாவதிலிருந்து தொடங்கலாம்.

நிறுவும் முறை

முதற்படி: கேமராவை அதன் நிறுவனச் செயலியின் மூலம் ஒரு முறை இயக்கி, வீட்டு வலையமைப்பில் இணைத்து, உற்பத்தியாளர் வைத்த கடவுச்சொல்லை உடனே மாற்ற வேண்டும். பல கேமராக்களில் ஆன்விஃப் வசதியை நாமே இயக்கிவிட வேண்டியிருக்கும். அதற்கெனத் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வைக்கலாம்.

இரண்டாம் படி: ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில், கேமராவுக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால், மின்சாரம் போய் வரும்போது கேமராவின் முகவரி மாறக் கூடும். மென்பொருள் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். பதிவு நின்றது நமக்குத் தெரியாது.

மூன்றாம் படி: மென்பொருளை அதன் சொந்த இணையதளத்திலிருந்து மட்டுமே பதிவிறக்கி நிறுவ வேண்டும். தேடுபொறியில் விளம்பரமாக வரும் இணைப்புகளைத் தவிர்க்க வேண்டும்.

நான்காம் படி: மென்பொருளில் ‘கேமரா சேர்’ என்ற இடத்தில் ஆன்விஃப் தேடலை இயக்கினால், வலையமைப்பில் உள்ள கேமராக்கள் தோன்றும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் இட்டால் காட்சி வரும். பெரும்பாலான கேமராக்கள் இரண்டு காட்சியோட்டங்களைத் தருகின்றன. தெளிவு மிக்கதைப் பதிவுக்கும், தெளிவு குறைந்ததை அசைவறிதலுக்கும் ஒதுக்கினால் பழைய கணினியும் சுமையின்றி இயங்கும்.

ஐந்தாம் படி: அசைவறியும் பகுதியைத் திரையில் வரைய வேண்டும். மரக்கிளையும் மின்விசிறியும் திரைச்சீலையும் அதற்குள் வந்தால் நாளொன்றுக்கு நூறு வீண் அறிவிப்புகள் வரும். அண்டை வீட்டுப் பகுதியை மறைக்கும் கருப்புத் திரையையும் இவ்விடத்திலேயே அமைக்கலாம். கேமராவிலேயே மறைக்கும் வசதி இருந்தால் அதுவே சிறந்தது. மறைக்கப்பட்ட பகுதி பதிவாகவே ஆகாது.

ஆறாம் படி: கணினி தானாக உறக்க நிலைக்குச் செல்வதை நிறுத்த வேண்டும். மின்சாரம் திரும்பியதும் கணினி தானே இயங்கவும், இயங்கியதும் மென்பொருள் தானே தொடங்கவும் அமைக்க வேண்டும். பிறகு ஒரு முறை மின் இணைப்பைத் துண்டித்து மீண்டும் கொடுத்து, நாம் எதையும் தொடாமலே பதிவு தொடர்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

எத்தனை நாள் பதிவு?

இங்குதான் நம் குடும்பங்களின் வாழ்க்கை முறை கணக்கில் வருகிறது. மும்பைத் தமிழர்களில் பலர் மே மாத விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருநெல்வேலிப் பக்கம் ஊருக்குச் சென்று, பள்ளி திறக்கும்போது திரும்புகிறார்கள். முப்பது நாள் பயணத்தில் மூன்றாம் நாள் இரவு பூட்டு உடைக்கப்பட்டது என்று வைத்துக்கொள்வோம். பதிவு ஏழு நாள் மட்டுமே இருக்குமாறு அமைத்திருந்தால், நாம் திரும்பி வரும்போது கேமரா இருக்கும்; அந்த இரவு இருக்காது. பழைய பதிவின்மீது புதியது ஏறியிருக்கும். ஆகவே வீடு பூட்டியிருக்கும் மிக நீண்ட காலத்தைவிடப் பதிவுக் காலம் அதிகமாக இருக்க வேண்டும் என்பதை விதியாகக் கொள்ளலாம்.

கணக்கு எளிது. ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அளவில் தொடர்ந்து பதிந்தால் மணிக்கு 900 மெகாபைட், நாளொன்றுக்கு ஏறத்தாழ 22 ஜிகாபைட் தேவை. இரண்டு கேமராக்களுக்கு 30 நாள்கள் என்றால் ஏறத்தாழ 1,300 ஜிகாபைட். எனவே 2 டெராபைட் வட்டு 45 நாள்களுக்குப் போதும். அசைவின்போது மட்டும் பதியுமாறு அமைத்தால் இதைவிட மிகக் குறைவான இடமே ஆகும். ஆயினும் மங்கிய ஒளியில் சில அசைவுகள் தவறக் கூடும். வாசலுக்குத் தொடர் பதிவும், உட்புறத்திற்கு அசைவுப் பதிவும் வைப்பது நடுவழி. இரவும் பகலும் எழுதும் பணிக்கென்றே செய்யப்பட்ட கண்காணிப்பு வகை வட்டுகள் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றையே வாங்க வேண்டும்.

வீட்டுக்குள் புகுந்தவர் கணினியையே எடுத்துச் சென்றால் என்ன செய்வது? இது நியாயமான வினா. கணினியைக் கண்ணில் படாத, காற்றோட்டமுள்ள இடத்தில் வைக்க வேண்டும். அதோடு, அசைவு அறியப்பட்ட சிறு காட்சித்துண்டுகள் மட்டும் நம் மின்னஞ்சலுக்கோ இணையச் சேமிப்பகத்திற்கோ தாமே செல்லுமாறு அமைக்கலாம். முழுப் பதிவு வீட்டில், முக்கியமான துண்டின் நகல் வெளியில் என்று இரண்டும் இருந்தால் ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும்.

கதவைத் திறந்து வைக்காதிருத்தல்

கேமராவும் ஒரு கணினியே. 2016இல் ‘மிராய்’ என்ற தீநிரல், உற்பத்தியாளர் வைத்த கடவுச்சொற்கள் சுமார் 60 கொண்ட ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, உலகெங்கும் லட்சக்கணக்கான கேமராக்களுக்குள்ளும் பதிவுப் பெட்டிகளுக்குள்ளும் ரவுட்டர்களுக்குள்ளும் புகுந்தது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டே ஒரு பெரும் இணையச் சேவை நிறுவனம் தாக்கப்பட்டு, அமெரிக்காவில் பல முன்னணி இணையதளங்கள் முடங்கின. நம் நாட்டில் 2025 பிப்ரவரியில், ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் திருடப்பட்டு இணையத்தில் விற்கப்பட்டது தெரியவந்தது. சிகிச்சைக்கு வந்த பெண்களின் காட்சிகள் அவை. எளிதில் ஊகிக்கத்தக்க கடவுச்சொற்கள் பல இடங்களில் மாற்றப்படாமல் இருந்தது விசாரணையில் வெளிப்பட்டது. பாதுகாப்புக்கென வைத்த கேமராவே தீங்கின் வழியாயிற்று.

இதைத் தவிர்க்க ஐந்து செயல்கள் போதும். கேமரா, ரவுட்டர், மென்பொருள் மூன்றுக்கும் வெவ்வேறு நீண்ட கடவுச்சொற்கள் வைக்க வேண்டும்; வங்கிக் கடவுச்சொல் இவற்றில் ஒன்றாக இருக்கவே கூடாது. ரவுட்டரில் யு.பி.என்.பி. என்ற வசதியை அணைக்க வேண்டும். அது நமக்குத் தெரியாமலே வெளியுலகிற்கு வழி திறக்கக் கூடியது. வெளியிலிருந்து பார்ப்பதற்காக ரவுட்டரில் நேரடி வழி திறக்காமல், வி.பி.என். என்ற மறைகுறி வழியைப் பயன்படுத்த வேண்டும். கேமரா இணையத்தோடு நேரே பேசுவதை ரவுட்டரிலேயே தடுத்துவிடலாம். வீட்டுக் கணினிக்குக் காட்சி தர அதற்கு இணையம் தேவையில்லை. கேமராவின் உள்மென்பொருளுக்கு நிறுவனம் தரும் புதுப்பிப்புகளை அவ்வப்போது நிறுவ வேண்டும்.

இன்னொரு வாயிலும் உண்டு. ‘கேமராவைச் சரிசெய்து தருகிறோம், இந்தச் செயலியை நிறுவுங்கள்’ என்று தொலைபேசியில் சொல்பவர்களை நம்பக் கூடாது. தொலைவிலிருந்து நம் கருவியை இயக்கும் செயலிகளின் வழியே பணம் திருடப்படுவதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. கேமராவைப் பொருத்தித் தந்த பணியாளர் சென்றபின், அவர் முன் இட்ட கடவுச்சொல்லை நாமே மாற்றிவிட வேண்டும். இதில் அவருக்கு அவமரியாதை எதுவும் இல்லை.

மின்சாரமும் மழையும்

ஊருக்குப் புறப்படும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுச் செல்வது நம் வீடுகளில் நல்ல பழக்கம். ஆனால் அத்துடன் கேமராவும் கணினியும் ரவுட்டரும் நின்றுவிடும். மின்பணியாளரைக் கொண்டு இம்மூன்றுக்கும் தனிச் சுற்று ஒன்றை அமைத்து, மற்றவற்றை மட்டும் அணைக்கலாம். சிறு யு.பி.எஸ். ஒன்று குறுகிய மின்தடைகளைத் தாங்கும். 60 வாட் எடுக்கும் மேசைக் கணினி மாதம் ஏறத்தாழ 43 யூனிட் செலவழிக்கும். நம் மின்கட்டணச் சீட்டில் உள்ள வீதத்தால் பெருக்கிப் பார்த்து, அது மிகுதி என்று தோன்றினால் 15 வாட் அளவில் இயங்கும் சிறிய கணினிக்கு மாறலாம்.

2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை இந்நகரம் மறக்கவில்லை. தரைத்தள வீடுகளிலும் பட்டறைகளிலும் கணினியையும் ரவுட்டரையும் நெஞ்சுயரத்திற்கு மேல், சுவர் அலமாரியில் வைப்பது அவசியம்.

ஏதேனும் நேர்ந்தால்

முதல் செயல், பதிவு அழியாமல் காப்பது. வட்டு சுழற்சியில் அழிவதற்கு முன், உரிய நேரத்திற்கு முன்னும் பின்னும் சேர்த்து இரண்டு தனி வட்டுகளில் நகலெடுக்க வேண்டும். வெட்டவோ, வெளிச்சம் கூட்டவோ கூடாது. கணினிக் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். காட்சியை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவது விசாரணையைக் கெடுக்கும். பிழையாக ஒருவரைக் கள்வராகவும் ஆக்கிவிடும்.

மின்னணுப் பதிவின் நகல் நீதிமன்றத்தில் ஏற்கப்படுவதற்குச் சான்றிதழ் கட்டாயம் என்பதை, மகாராஷ்டிரத்திலிருந்து சென்ற ஒரு தேர்தல் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் உறுதிசெய்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இதற்கான படிவத்தைத் தருகிறது. கருவியின் பொறுப்பாளர் ஒரு பகுதியிலும் வல்லுநர் மற்றொரு பகுதியிலும் ஒப்பமிட வேண்டும். கோப்பின் ‘ஹாஷ்’ எண்ணையும் குறிப்பிட வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் எண் மாறிவிடும். பதிவு நம் கணினியில், நம் பொறுப்பில் இருக்கும்போது இச்சான்றை நாமே அளிக்க இயலும் என்பது வீட்டுக் கணினியில் சேமிப்பதன் பெரும் பயன்.

கேமராவுக்குள் எவரேனும் புகுந்தது தெரிந்தால் அதை வலையமைப்பிலிருந்து உடனே துண்டித்து, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் அளிக்க வேண்டும். பணமும் இழக்கப்பட்டிருந்தால் 1930 என்ற எண்ணை அழைத்து, நம் வங்கிக் கிளைக்கும் அப்போதே தெரிவிக்க வேண்டும்.

மாதத்திற்கு ஒரு சோதனை

இவ்வளவும் அமைத்த பின், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம் ஒதுக்குவோம். இருபது நாளுக்கு முந்தைய ஓர் இரவின் இரண்டு மணிக் காட்சியைத் தேடி எடுத்துப் பார்ப்போம். அது கிடைக்கிறதா, முகம் தெரிகிறதா, நேரம் சரியாக இருக்கிறதா, இப்பதிவைப் பார்க்க உரிமையுள்ளவர்கள் யார் யார் என்று சரிபார்ப்போம். இவற்றுக்கு விடை கிடைத்தால், வங்கிப் பெட்டகத்தின் சாவியைப் போலவே இதன் சாவியும் நம் கையில் பத்திரமாக இருக்கிறது என்று கொள்ளலாம்.